டூயல் காயில் சப்வூஃபர் வயரிங்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

காருக்கு வாங்கும் சப்வூஃபரின் (பாஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர், சுருக்கமாக ஊஃபர்) அட்டைப்பெட்டியில் '4 ஓம் டூயல் வாய்ஸ் காயில்' என்று அச்சிட்டிருக்கும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மேல் 'பிரிட்ஜ், குறைந்தபட்சம் 4 ஓம்' என்று இருக்கும்; பிரிட்ஜ் என்றால் ஆம்பின் இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஊஃபரை ஓட்டுவது. நாலுக்கு நாலு சரியாகப் போயிற்று என்று வாங்கி வந்து மாட்டினால், சத்தம் ஏற்றிய இரண்டாவது பாட்டிலேயே ஆம்ப் 'ப்ரொடெக்ட்' (பாதுகாப்பு) என்ற சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்த 4 ஓம் ஊஃபரின் மொத்த அளவு இல்லை. உள்ளே ஒரே குழாயின் மேல் சுற்றியிருக்கும் இரண்டு காயில்களில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு. இரண்டையும் சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) இணைத்தால் 8, பேரலலில் (பக்கம் பக்கமாக) இணைத்தால் 2. இரண்டு காயிலும் வேலை செய்யும்படி அந்த ஊஃபரில் 4 ஓம் கொண்டுவர வழியே கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். ஆம்ப் மேல் எழுதியிருக்கும் ஓம், எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல. அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற எல்லை, அவ்வளவுதான். 1 ஓம் தாங்கும் மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்பில் 2 ஓமும் போடலாம், 4 ஓமும் போடலாம். வாட் குறையும், ஆம்ப் சூடு குறைந்து நிம்மதியாக ஓடும். வாட் பாதியானால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபல்தான் குறையும். கடைசி ஓம் வரை ஆம்பைப் பிழிந்தெடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பாதி ஆம்புகள் சர்வீஸுக்குப் போகின்றன.

கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு

ஒரே ஊஃபர் என்றால்: 2+2 ஓம் (2 ஓம் காயில் இரண்டு) சீரிஸில் 4, பேரலலில் 1. 4+4 ஓம் சீரிஸில் 8, பேரலலில் 2. 1+1 ஓம் சீரிஸில் 2, பேரலலில் அரை ஓம். அந்த அரை ஓமைப் பெரும்பாலான ஆம்புகள் தாங்காது.

ஒரே மாதிரி ஊஃபர் இரண்டு என்றால்: 4+4 இரண்டில் எல்லாவற்றையும் பேரலலாகப் போட்டால் 1 ஓம். ஒவ்வொன்றையும் தனக்குள் சீரிஸ் ஆக்கி, பிறகு இரண்டையும் பேரலல் ஆக்கினால் 4. 2+2 இரண்டில் அதே முறையில் 2 ஓம் வரும். எல்லாவற்றையும் பேரலலாகப் போட்டால் அரை ஓம், அதாவது ஆம்புக்கு ஆபத்து. மோனோ ஆம்ப் 1 ஓம் தாங்கும் என்றால் இரண்டு 4+4 வாங்க வேண்டும். 2 ஓம்தான் தாங்கும் என்றால் இரண்டு 2+2. ஒன்று 4+4, மற்றொன்று 2+2 என்று கலந்து போடாதீர்கள். பேரலலில் குறைந்த ஓம் உள்ளது அதிக வாட்டை இழுத்துக்கொள்ளும். ஒன்று வேகும், மற்றொன்று சும்மா இருக்கும்.

சீரிஸ் என்றால் முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸுக்கு ஒரு இணைப்பு வயர். மிச்சமிருக்கும் முதல் பிளஸும் இரண்டாவது மைனஸும் ஆம்புக்கு. பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்.

அறிகுறிக்குப் போகும் முன் அளவெடுங்கள்

தேவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு வயர், போனில் 50 ஹெர்ட்ஸ் டோன். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டரே போதும். ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். 200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். பூஜ்யம் காட்டாது, 0.2 முதல் 0.5 வரை ஏதோ ஒன்று காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். இனி வரும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துவிடுங்கள். 1 ஓமை அளக்கும்போது 0.3 என்பது முப்பது சதவீதப் பிழை.

கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஊஃபரை வெளியே எடுங்கள். இரண்டு காயிலையும் இணைக்கும் ஜம்பர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு காயிலையும் தனியாக அளவெடுங்கள். 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓம் காயில் 1.6 முதல் 2 வரை. 4 என்று காட்டவில்லையே என்று பதற வேண்டாம். மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸ். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது காயில் காட்டும் எதிர்ப்பு. இம்பீடன்ஸ் பாட்டின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஊஃபரின் ரெசனன்ஸ் இடத்தில் (அது இயல்பாகவே அதிரும் அதிர்வெண்ணில்) ஐந்தாறு மடங்குகூட உயரும். ஆம்புக்கு மிகக் கடினமான நேரம் அது டிசி அளவுக்கு அருகே இறங்கும் இடங்கள்தான்.

ஒரே ஊஃபரின் இரண்டு காயில்களுக்கும் இடையே 0.2 ஓமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு காயிலின் முனைக்கும் மற்ற காயிலின் முனைக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. எந்த முனைக்கும் ஊஃபரின் இரும்புச் சட்டத்துக்கும் இடையேயும் அப்படியே. இந்த மூன்று சோதனையிலும் தேறினால் காயில்கள் நன்றாக இருக்கின்றன.

சத்தமாக ஓடிய ஊஃபரை உடனே அளக்காதீர்கள். செம்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் சுமார் 0.39 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 3.5 ஓம் காயில் 4.9 ஓம் காட்டும்.

ஆம்ப் ஆன் ஆனவுடனே ப்ரொடெக்ட் விளக்கு

ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தால் ஊஃபர் பக்கம் போக வேண்டாம். ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்; அதற்கும் மசியவில்லை என்றால் ஆம்புக்கு வரும் 12 வோல்ட்டும் எர்த்தும் சரியா என்று அளந்து பார்த்துவிட்டு, அவை சரியாக இருந்தால் ஆம்பைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றியதும் பச்சை வந்துவிட்டால், கோளாறு நீங்கள் கழற்றிய அந்த இரண்டு முனைக்கும் ஊஃபருக்கும் இடையில் இருக்கிறது. அந்த முனைகளில் மீட்டரை வையுங்கள்.

0.3க்குக் கீழே வந்தால் ஷார்ட். முதலில் ஊஃபர் டெர்மினலைப் பாருங்கள். பல இழை வயரை முறுக்காமல் ஸ்பிரிங் டெர்மினலில் நுழைக்கும்போது ஒரே ஒரு இழை வெளியே வளைந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். தலைமுடி கனம்தான் இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். டூயல் காயிலில் நாலு டெர்மினல் நெருக்கமாக இருப்பதால் இது சாதாரண ஊஃபரைவிட அடிக்கடி நடக்கும். முனையை முறுக்கி சாலிடர் பூசினாலோ லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு அழுத்தினாலோ தீர்ந்துவிடும். அங்கே இல்லையென்றால் வயர் போகும் பாதை: பின் சீட் கீல், டிக்கி மூடியின் ஓரம், ஊஃபர் பெட்டியின் ஸ்க்ரூ துளை.

அளவு சரியாக இருந்தும் ப்ரொடெக்ட் வந்தால், அந்த முனைகளில் ஒவ்வொன்றையும் காரின் வெறும் இரும்போடு வைத்து அளவெடுங்கள். எந்த ரெசிஸ்டன்ஸ் காட்டினாலும் ஸ்பீக்கர் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஸ்பீக்கர் மைனஸும் எர்த்தும் ஒன்றுதான் என்று நினைத்துப் பாடியில் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல கிளாஸ் டி (திறன் கூடிய ஒரு ரகம்) மோனோ ஆம்புகளிலும், பிரிட்ஜ் செய்த எந்த ஆம்பிலும் ஸ்பீக்கர் மைனஸிலும் மின்னழுத்தம் இருக்கும். எர்த்தில் பட்டால் ஷார்ட்தான்.

மோனோ ஆம்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் டெர்மினல் இருந்தால் அது இரண்டு சேனல் இல்லை. உள்ளே இரண்டும் ஒன்றாகவே இணைந்திருக்கும். இரண்டு 2+2 ஊஃபரைத் தனித்தனியே பேரலலாக்கி ஜோடிக்கு ஒன்றாக மாட்டினால், ஆம்புக்கு 1 ஓம் இரண்டு தெரியாது. அரை ஓம் ஒன்றுதான் தெரியும்.

சத்தம் குறைவாக இருந்தால் சரி, ஏற்றினால் ப்ரொடெக்ட்

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நாலு சேனல் ஆம்ப். முன் இரண்டு சேனல் கதவு ஸ்பீக்கருக்கு, பின் இரண்டு சேனல் பிரிட்ஜ் ஆகி டிக்கியில் இருக்கும் ஊஃபருக்கு. பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது மொத்த ஓமில் பாதி. ஒவ்வொரு சேனலும் 2 ஓம் தாங்கும் ஆம்பில் பிரிட்ஜுக்கு 4 ஓம் என்று எழுதியிருப்பதன் காரணம் இதுதான். அங்கே 4+4 ஊஃபரைப் பேரலலாக்கி 2 ஓம் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம் தெரியும். குறைந்த சத்தத்தில் மின்னோட்டம் குறைவு என்பதால் ஓடும். பாஸ் அடி விழும்போது ஆம்ப் கழன்றுகொள்ளும்.

கையில் 4+4 ஊஃபர் இருந்தால் சீரிஸாக்கி 8 ஓமில் பிரிட்ஜில் மாட்டுங்கள். இதற்கு மாற்றாகச் சிலர், பிரிட்ஜை விட்டுவிட்டு ஒரு காயிலை இடது சேனலிலும் மற்றதை வலது சேனலிலும் மாட்டச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் லாபம் ஒன்றுமில்லை. பிரிட்ஜில் 8 ஓம் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓம். காயிலுக்கு ஒரு சேனல் என்றாலும் அதே 4 ஓம். சேனலுக்கு 75 வாட் என்றால் இரண்டிலும் மொத்தம் 150 வாட்தான். தனித்தனியாகப் போட்டால் இரண்டு சேனலின் கெயினும் (சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகு) கொஞ்சம்கூட மாறாமல் இருக்க வேண்டிய தலைவலி கூடுதல். இன்னும் வாங்கவில்லை என்றால் 2+2 ஊஃபர் கேளுங்கள். சீரிஸில் 4 ஓம், இந்த ஆம்புக்குக் கச்சிதம்.

ஒரு எச்சரிக்கை: ஓமை உயர்த்த வழியில் ரெசிஸ்டர் போடலாமா என்று கேட்பார்கள். போடாதீர்கள். வாட்டில் பெரும்பங்கு ரெசிஸ்டரில் சூடாகப் போகும், பாஸும் கட்டுப்பாடு இழக்கும்.

ஓம் சரியாக இருந்தும் ஏற்றினால் அணைகிறது என்றால் கெயினைப் பாருங்கள். சீரிஸிலிருந்து பேரலலுக்கு மாற்றிவிட்டு கெயினைத் தொடாமல் விடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஆம்ப் ஸ்பீக்கருக்குக் கொடுப்பது வோல்ட். ஓம் குறைந்தால் அதே வோல்ட்டுக்கு இழுக்கும் வாட் கூடும். உதாரணமாக ஒரு மோனோ ஆம்ப் 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் செட் செய்ய வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 4 ஓமில் 34.6, 2 ஓமில் 31.6, 1 ஓமில் 28.3. 4 ஓமில் 34.6 வோல்ட்டுக்கு வைத்த கெயினை அப்படியே விட்டுவிட்டு 1 ஓமுக்கு மாற்றினால், 800 வாட் ஆம்பிடம் 1,200 வாட் கேட்கிறீர்கள்.

கெயின் செட் செய்யும் முறை: எஞ்சின் ஓடட்டும். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீரியோவில் ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம், ஆம்பில் பாஸ் பூஸ்ட் முழுக்க அணைப்பு, லோ பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸில். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டோனை ஓடவிட்டு ஸ்டீரியோ சத்தத்தை முக்கால் பங்குக்கு வையுங்கள். ஆம்ப் ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கணக்கில் வந்த எண் வரும் வரை கெயினை மெதுவாகத் திருப்புங்கள். ஆம்பின் வாட், ஊஃபரின் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும்) வாட், இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிடுங்கள்.

ஓம் சரி, ப்ரொடெக்ட் இல்லை, ஆனால் கோன் அசையவே இல்லை

எல்லாக் கோளாறுகளிலும் ஏமாற்றுக்காரன் இவன்தான். இரண்டு காயில்களில் ஒன்றின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு காயில் கோனை (ஊஃபரின் முன்னால் அசையும் கிண்ணம் போன்ற பகுதி) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஒரே கதவை இருவர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுவது போல. அசைவு இல்லை, சத்தம் இல்லை, ஆனால் மின்சாரம் முழுக்கக் காயிலுக்குள் போய்ச் சூடாகிறது. கோன் அசைந்தால்தான் காற்று உள்ளே புகுந்து காயிலைக் குளிர வைக்கும். இங்கே அதுவும் இல்லை. சத்தம் வரவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் ஊஃபர் சத்தமில்லாமல் கருகிவிடும்.

மல்டிமீட்டரின் ஓம் அளவு இதைக் காட்டிக்கொடுக்காது. காயிலைத் திருப்பி மாட்டினாலும் டிசி ரெசிஸ்டன்ஸ் அதேதான். 'அளந்து பார்த்தேன், ஓம் சரியாக இருக்கிறது' என்பது இந்த இடத்தில் எதையும் நிரூபிக்காது.

பென்சில் பேட்டரியை எடுங்கள். ஜம்பரைக் கழற்றிவிட்டு முதல் காயிலின் பிளஸில் பேட்டரி பிளஸ், மைனஸில் மைனஸ் என்று ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். விரல் நுனியைக் கோனின் நடுவில் லேசாக வைத்திருந்தால் 'டக்' என்று ஒரு சின்ன உந்தல் தெரியும். கோன் வெளியே வர வேண்டும். இரண்டாவது காயிலிலும் அதேபோல் செய்யுங்கள். அதுவும் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் டெர்மினலின் நிறக் குறியை நம்பாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி நீங்களே பிளஸ் எழுதிக்கொள்ளுங்கள். ரீகாயில் செய்த (காயிலைப் புதிதாக மாற்றிய) ஊஃபர்களில் உள்ளே வயர் மாறி வருவதுண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியதை மாட்டும் முன் இந்தச் சோதனை கட்டாயம். பேட்டரியை வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம்: 2 ஓம் காயில் 1.5 வோல்ட்டிலேயே முக்கால் ஆம்பியர் இழுக்கும்.

ஊஃபர் பெட்டிக்குள் இருக்கிறது, ஜம்பரைக் கழற்ற முடியாது, ஆனால் சீரிஸ் என்று தெரியும் என்றால் வேறொரு வழி. ஆம்ப் பக்க வயரைக் கழற்றி மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து அந்த முனைகளில் பிடியுங்கள். கோனை இரண்டு கையாலும் நேராக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். காயில்கள் ஒரே திசையில் இருந்தால் எண் துள்ளும். எதிரெதிராக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

பாஸ் இருக்கிறது, ஆனால் சப்பையாக இருக்கிறது

இதற்குக் காரணங்கள் பல. மலிவானதிலிருந்து பாருங்கள்.

இரண்டு ஊஃபர் இருந்தால் ஒன்றன் வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஒன்று மட்டும் ஓடும்போது பாஸ் கூடினால், இரண்டும் எதிர் பேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்று வெளியே வரும்போது மற்றது உள்ளே போகிறது. ஒன்றன் பிளஸ் மைனஸை மாற்றுங்கள். கழற்றும் முன் ஒன்று: இரண்டு ஊஃபரும் சீரிஸில் இருந்தால் ஒன்றைக் கழற்றினால் இரண்டும் நிற்கும், அப்போது மாற்றி மாட்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

ஒரே ஊஃபர்தான், கதவு ஸ்பீக்கர் ஓடும்போது பாஸ் குறைகிறது என்றால் ஊஃபருக்கும் கதவுக்கும் பேஸ் ஒத்துப்போகவில்லை. ஆம்பில் பேஸ் ஸ்விட்ச் இருந்தால் 180க்குத் திருப்புங்கள். இல்லையென்றால் ஆம்ப் பக்கத்தில் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் அதே பலன். காயிலுக்கு இடையே உள்ள ஜம்பரில் கை வைக்காதீர்கள். முந்தைய கோளாறை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

பேரலலில் போட்டிருந்த 4+4 ஊஃபர் ஆம்ப் பக்கத்தில் 1.8க்குப் பதில் 3.6 காட்டினால் ஒரு காயில் செத்துவிட்டது, அல்லது அதன் வயர் கழன்றிருக்கிறது. பேரலலில் இதுதான் தொல்லை: ஒன்று போனாலும் மற்றது பாடும். யாரும் கவனிக்காமலே மாதக்கணக்கில் ஓடும். சீரிஸில் ஒன்று போனால் சத்தம் ஒரேயடியாக நின்றுவிடும், கண்டுபிடிக்க எளிது.

'ஒரே காயில் போதும், மற்றதைச் சும்மா விட்டுவிடலாம்' என்று வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. மேலே சொன்ன 4 ஓம் பிரிட்ஜ் ஆசைக்கு இது குறுக்குவழி. விலை என்னவென்றால், தாங்கும் வாட் பாதியாகிறது, காந்தத்தின் பிடி தளர்ந்து ஊஃபரின் எலக்ட்ரிகல் கியூ (கூடக் கூட, கோனின் ஆட்டம் அடங்குவது குறையும்) இரண்டு மடங்காகிறது. பெட்டி அளவு எதற்காகக் கணக்கிடப்பட்டதோ அது பொருந்தாமல் போகும். பாஸ் நச்சென்று நிற்காமல் 'டொம்ம்ம்' என்று இழுக்கும். அப்படியே விட்டாலும் விடுங்கள், சும்மா இருக்கும் காயிலின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்துவிடாதீர்கள். அது பிரேக் போலக் கோனைப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முனைகளை இணைத்தும் பிரித்தும் கோனைக் கையால் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

இதையெல்லாம் பார்த்தும் சப்பையாகவே இருந்தால் வயரிங்கை விட்டுவிட்டு ஸ்டீரியோவின் சப் லெவல், லோ பாஸ் ஃபில்டர், பெட்டியின் காற்றுக் கசிவு ஆகியவற்றுக்குப் போங்கள்.

ஆரம்பத்தில் அதிர்கிறது, அரை மணியில் சோர்ந்துவிடுகிறது

ஆம்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், ஓம் எல்லையை ஒட்டி ஓடுகிறது அல்லது காற்றோட்டம் இல்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில், தரை விரிப்புக்கு அடியில் ஆம்பை ஒளித்து வைத்தால் வேறென்ன நடக்கும்? ஆம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஊஃபர் பெட்டியின் மேலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்காதீர்கள், அதிர்வில் உள்ளே சாலிடர் விடும். இரண்டு ஊஃபர் இருந்தால் 1 ஓமிலிருந்து 4 ஓமுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆம்ப் சூடில்லாமல் சத்தம் மட்டும் தளர்ந்தால் சூடாவது காயில். ரெசிஸ்டன்ஸ் ஏறி வாட் இறங்குகிறது. ஊஃபருக்குக் கொள்ளளவுக்கு மேல் கொடுக்கிறீர்கள், கெயினைக் குறையுங்கள்.

பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

ஓமைக் குறைத்து வாட்டைக் கூட்டிய அன்றே பெரும்பாலும் இது தொடங்கும். 500 வாட் கொடுக்கும் கிளாஸ் டி ஆம்ப், 80 சதவீதத் திறனில், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 800 வாட்டுக்கு 72. சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியருக்குள்தான் கொடுக்கும். அதில் ஏசி, விளக்கு, எஞ்சின் எல்லாம் போக மிச்சம்தான் உங்களுக்கு. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நொடி தாங்கும், தொடர்ந்து தாங்காது.

எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை ஏற்றி, பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பிளஸுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வயர் சிறியது. 5 மீட்டர் நீளம், 60 ஆம்பியர் என்று வைத்தால், 4 கேஜ் (எண் குறையக் குறைய வயர் கனம்) அசல் செம்பில் கால் வோல்ட்தான் விழும்; 8 கேஜில் 0.6 வோல்ட். அதே 8 கேஜ் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயர் என்றால் ஒரு வோல்ட்டை நெருங்கும். ஆம்ப் கிட் என்று பாக்கெட்டில் விற்பதில் பாதி இந்த ரகம். சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம்.

அடுத்து ஆம்ப் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அதே அளவு. அங்கே அதிகம் விழுந்தால் எர்த் சரியில்லை. பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வைத்து, அரை மீட்டருக்குள் முடியும் வயரில், பிளஸ் வயரின் அதே கனத்தில் போடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பிளஸ் வயரில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் வயரை.

உரசல் சத்தம், கருகல் வாசனை

வார்னிஷ் தீய்ந்த, மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆறிய பிறகு நாலு விரலையும் கோன் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். சுரசுரவென்று உரசினால் காயில் குழாய் உப்பியோ கோணியோ இருக்கிறது. 4 ஓம் காயில் 1.5 காட்டினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. ஒரு காயில் மட்டும் கெட்டிருந்தாலும் ஊஃபரை அப்படியே ஓட்டாதீர்கள். உரிந்த கம்பி அடுத்த காயிலையும் இரும்பையும் தொட்டு ஆம்பையும் கூடவே அழைத்துப் போகும். ரீகாயில் செய்யக் கொடுத்தால் இரண்டு காயிலையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள், திரும்பி வந்ததும் பென்சில் பேட்டரி சோதனையை மறுபடி செய்யுங்கள்.

விட்டு விட்டு வருகிறது

மீட்டரை ஆம்ப் பக்க வயரில் வைத்துவிட்டு ஒருவர் கோனை உள்ளும் வெளியும் மெதுவாக அசைக்கட்டும். எண் திடீரென்று மறைந்து மறைந்து வந்தால், டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. டூயல் காயிலில் அது நாலு இருக்கும். ஒவ்வொரு காயிலாகப் பிரித்துச் செய்தால் எது என்று தெரியும். சாதாரண வயரைப் போட்டு ஒட்டவைக்காதீர்கள், ஒரு வாரத்தில் மறுபடி அறும். அதற்கென்றே விற்கும் பின்னல் வயர்தான் வளைவைத் தாங்கும்.

எண் நிலையாக இருந்தால் ஊஃபரில் கோளாறு இல்லை. ஆம்ப் டெர்மினல் ஸ்க்ரூவில் வயர் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். 1 ஓமில் ஓடும்போது தளர்ந்த இணைப்பு சூடாகி வயரின் உறையே உருகியிருக்கும். கருத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக லக் போடுங்கள். ஸ்பீக்கர் வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 3 மீட்டர் தூரத்துக்கு, போய்த் திரும்பும் நீளத்தைச் சேர்த்து, அது 0.044 ஓம் சேர்க்கும். 4 ஓமில் அது ஒன்றுமே இல்லை. 1 ஓமில் நாலு சதவீதத்துக்கு மேல், அதனால் அங்கே 4 சதுர மி.மீ. போடுங்கள்.